முருகேசனுக்குக் கிடைத்த நாற்காலி

தொடைத் தசைக் காயம் என்றதும் உங்களுக்குத் தொலைக்காட்சியில் பார்த்த கிரிக்கெட் பந்துவீச்சாளர் நினைவுக்கு வரலாம். ஓடிவரும்போது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். உடனே மைதானத்துக்குள் பெட்டியோடு ஆட்கள் ஓடுவார்கள். ஓசூரில் என்னிடம் வந்தவர்களுக்காக யாரும் அப்படி ஓடியதில்லை. அவர்கள் ஷிப்டு முழுக்க மெஷின் முன்னால் நின்றுவிட்டு மாலையில் கபடி ஆடுவார்கள். அடிபட்டால் மறுநாள் வேலைக்கும் போய்ப் பார்ப்பார்கள். முடியவில்லை என்றால்தான் என் கிளினிக் படியேறுவார்கள்.

பிசியோதெரபி படித்து முடித்து இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் உங்களுக்குச் சிகிச்சை முறைகளைச் சொல்லித்தரும் எண்ணம் எனக்கில்லை. புத்தகத்தில் இருக்கிறது, என் காலத்தைவிட நன்றாகவே இருக்கிறது. எந்த நேரத்தில் எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் புத்தகத்தில் குறைவு. அதற்கு ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் ஓசூர் தொழிற்பேட்டையில் பல கம்பெனிகள் கபடி அணி வைத்திருந்தன. கிராமத்துப் போட்டிகளில் நன்றாக ஆடும் பையன்களைப் பார்த்து ட்ரெயினியாக எடுத்துக்கொள்வார்கள். பகலில் வேலை, மாலையில் பயிற்சி. ட்ரெயினிங் முடியும்போது ஒன்று நிரந்தர வேலைக்கான ஆர்டர் வரும், அல்லது ஊருக்குப் போகச் சொல்வார்கள். இடைப்பட்ட வழி கிடையாது. கல்லாவியிலிருந்து வந்த முருகேசன் அப்படி எடுக்கப்பட்டவர். கியர் செய்யும் பகுதியில் ட்ரெயினி. அணிக்கு முதல் ரெய்டர்; பாடிப்போய் எதிரணியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவர்.

அவரை என்னிடம் அழைத்து வந்தவர் அணியின் கேப்டன் மஞ்சுநாத். தேன்கனிக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர், வீட்டில் கன்னடம். அதே கியர் பகுதியில் நிரந்தரத் தொழிலாளி. பேச்செல்லாம் அவருடையதாகவே இருந்தது.

"லெஃப்ட் தொட புடிச்சிக்கிச்சி மேடம். ப்ராக்டிஸ்ல இவன் கால நம்ம பசங்களே லாக் பண்ணிட்டானுங்க. இவன் விடல. கோட்டத் தொடறன்னு முன்னால எட்டி இழுத்தான். படக்குன்னு ஒரு சத்தம்."

"யாருக்குக் கேட்டுச்சு?"

"எனக்கே கேட்டுச்சி மேடம்."

"அவர் சொல்லட்டுமே."

"அவன் கூச்சக்காரன். நடுக்கோட்டத் தாண்டி அந்தாண்ட போனாத்தான் வாயத் தொறப்பான்."

முருகேசன் தரையைப் பார்த்துச் சிரித்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். பின்தொடையின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். ஒரு விரலால் தொட்டுக் காட்டவில்லை; கை முழுவதையும் வைத்தார். இதை நீங்களும் பார்ப்பீர்கள். வலிக்கும் இடம் தெரிந்தவன் விரலால் காட்டுவான். காட்டத் தயங்குகிறவன் உள்ளங்கையால் மூடுவான்.

நடுத்தொடையை அழுத்திப் பார்த்தேன், முகத்தில் மாற்றமில்லை. கை மேலே நகர்ந்தபோது, "அங்க ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றார். கை அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே வந்த பதில் அது. முன்பே ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். தசை முழுதாக அறுந்திருந்தால் காலில் பலம் இருக்காது, தோலுக்கடியில் ரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். அப்படி எதுவுமில்லை. ஆட வேண்டாம், குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி வேண்டாம், கனமான வேலை வேண்டாம் என்று சொல்லி, செய்ய வேண்டிய சில பயிற்சிகளைக் காட்டினேன்.

"வேலையப் பத்திக் கவலப்படாதீங்க மேடம். லைட் டூட்டி பேசிட்டன். ஆயித்து" என்றார் மஞ்சுநாத். கன்னடத்தில் முடித்துவிட்டால் காரியமும் முடிந்துவிட்டது என்பது அவர் வழக்கம்.

வாரங்கள் போயின. முருகேசன் தவறாமல் வந்தார், சொன்னதைச் செய்தார், முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. நடந்தால் வலியில்லை. என் கிளினிக் மாடியில் இருந்தது; படி நன்றாகவே ஏறி வந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படியேதான் இருக்கிறது என்றார். கிருஷ்ணகிரியில் கம்பெனிகளுக்கு இடையிலான போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அது முடிந்த கையோடு அவருடைய ட்ரெயினிங்கும் முடிகிறது. அந்த நிலையில்தான் கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர் என்னை ஒரு நடை வந்துபோகும்படி போன் செய்தார்.

ஆபீசர் திருநெல்வேலிக்காரர். ஓசூருக்கு வந்து பல காலம் ஆகியும் பேச்சில் ஊர் மாறவில்லை. சுற்றி வளைக்கவும் தெரியாதவர்.

"மேடம், நேராவே கேக்கேன். இந்தப் பய நடிக்கானா?"

"எதுக்கு அப்படித் தோணுது?"

"நல்லா நடக்கான். படி ஏறுதான். கேன்டீனுக்கு எல்லாருக்கும் முன்னால போய் நிக்கான். வேல மட்டும் ஓட மாட்டேங்கு. சேர் போட்டு உக்கார வச்சிருக்கோம், அப்பமும் வலிக்கிங்கான். ஆடத்தான் எடுத்தோம். ஆட்டமும் இல்ல, வேலையும் இல்லன்னா மேல நான் என்னன்னு எழுதுவேன்?"

"சேரா?"

"ஆமா. லைட் டூட்டி. மஞ்சுநாத் வந்து என்கிட்ட அப்பிடிச் சண்ட போட்டான். அந்த லைன்ல சூப்பர்வைசருக்கே சேர் கெடையாது, பாத்துக்கிடுங்க."

கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் அந்தச் சேரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் வினோதமாகப் பார்த்தார். ஆனாலும் எழுந்து வந்தார்.

கியர் பகுதியில் இரண்டு வரிசையாக மெஷின்கள். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில், செய்து முடித்த கியர்களைச் சரிபார்க்கும் மேசையின் முன்னால், இரும்பு நாற்காலியில் முருகேசன் மட்டும் உட்கார்ந்திருந்தார். எங்களை அவர் பார்க்கவில்லை. ட்ராலி தள்ளிக்கொண்டு போன ஒருவர் அவரருகில் நின்றார்.

"என்னா மகாராஜா, காத்து வருதா? விசிறட்டுமா?"

"போணா" என்றார் முருகேசன்.

"நானும் நாளைக்கி கால ஒடச்சிக்கிறன்டா. எனக்கும் சிம்மாசனம் போடுவாங்களான்னு பாக்கறன்."

நான் பேச்சைவிட அவர் உட்கார்ந்திருந்த விதத்தைக் கவனித்தேன். உடம்பின் பாரம் முழுவதும் வலது பக்கத்தில். இடது பாதி நாற்காலியின் விளிம்புக்கு வெளியே தொங்கியது. சிறிது நேரத்தில் இடது உள்ளங்கையைத் தனக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றி வேலையில்லாமல் ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி அதே கோணலில் உட்கார்ந்தார்.

பின்தொடைத் தசை தொடையின் நடுவில் தொடங்குவதில்லை. உட்காரும்போது நாற்காலியில் பதிகிற எலும்பு இருக்கிறதே, அங்கே நார்போல ஒட்டிக்கொண்டு தொடங்குகிறது. காலை மடக்கவிடாமல் யாரோ பிடித்திருக்க, இடுப்பை வளைத்து முன்னால் எட்டினால் அந்த வேரில்தான் இழுவை விழும். ரெய்டரின் கணுக்கால் பிடிபட்டு அவர் கோட்டைத் தொட எட்டும்போது நடப்பது அதுதான். அந்த இடத்தில் நைந்த நாருக்கு நடை ஒரு பாரமே இல்லை. உட்கார்ந்தால்தான் அது எலும்புக்கும் இரும்புக்கும் நடுவில் நசுங்கும்.

முதலுதவி அறைக்கு முருகேசனை அழைத்தேன். மஞ்சுநாத்தும் வந்தார். "கொஞ்சம் வெளியில இருங்க" என்று கதவை மூடினேன். நான் திரும்பி நின்றுகொண்டு, "நான் பாக்கல. வலிக்கிற எடத்துல நீங்களே ஒரு வெரல வச்சி அழுத்துங்க. அப்புறம் சொல்லுங்க" என்றேன். பிறகு மூச்சை இழுக்கும் ஒலி கேட்டது. திரும்பினேன். விரல் அந்த எலும்பின் மேல்தான் இருந்தது.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"லேடீஸ் கிட்ட எப்பிடி மேடம் அந்த எடத்தச் சொல்றது? தொடன்னு சொன்னன்."

"சரி. உக்காந்தா வலிக்குதுன்னு கேப்டன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"அண்ணன் எனக்காக ஆபீசர்கிட்ட அவ்ளோ பேச்சு பேசி வாங்கிக் குடுத்தாரு மேடம். லைனே பாத்துக்கினு இருந்திச்சி. அப்புறம் போயி, அந்தச் சேராலதாண்ணா வலிக்குதுன்னு சொன்னா, அவுரு மூஞ்சியில எப்பிடி முழிப்பன்? நின்னா வலிக்கல, மெஷினுக்கே போறன்னு கேக்கலாம்னு நெனச்சன். போனா, பாத்தியா நடிச்சிருக்கான்னு சொல்லிடுவாங்க. அதான் ஒக்காந்துக்கினே இருந்தன்."

இந்தப் பக்கத்து ஆலைகளில் நாற்காலி என்பது சின்ன விஷயமில்லை. நிற்பதுதான் வேலை, உட்கார்வது சலுகை. ஒருவன் இன்னொருவனுக்காகக் கேட்டு வாங்கிய சலுகையைத் திருப்பித் தருவது, கொடுத்தவனை நாலு பேர் முன்னால் மறுப்பதற்குச் சமம். மருந்தை நிறுத்தச் சொல்வதைவிட அன்பாகச் செய்யப்பட்ட ஒன்றை நிறுத்தச் சொல்வது கடினம். எனவே வலி குறையாத ஆளிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். உனக்காக யார் என்ன செய்து தந்தார்கள் என்றும் கேளுங்கள்.

ஆபீசர் அறைக்குத் திரும்பினோம். மஞ்சுநாத்தும் உள்ளே வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

ஆபீசர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நின்னா வலிக்காது, உக்காந்தா வலிக்குமா? ஊரு ஒலகத்துல இல்லாத வியாதியால்ல இருக்கு."

மேசைமேல் அவருடைய சாவிக்கொத்து கிடந்தது. அதைக் காட்டி, "இத ஒரு பக்கம் அடியில வச்சிக்கிட்டு உக்காருங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வைத்து உட்கார்ந்தார். நான் தசை எங்கே தொடங்குகிறது என்பதிலிருந்து ஆரம்பித்தேன், வேண்டுமென்றே நிதானமாக. அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். பிறகு உள்ளங்கையை அடியில் கொண்டுபோனார். நான் பாதியில் இருக்கும்போதே எழுந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"வெளங்கிட்டு" என்றார். "இப்ப ரெண்டே கேள்வி. ஞாயித்துக்கிழம கிருஷ்ணகிரில ஆடுவானா?"

"மாட்டாரு."

"மெஷின்ல நிப்பானா?"

"இன்னிக்கே நிப்பாரு. குனிஞ்சி தூக்கற வேல மட்டும் வேண்டாம்."

ஆலையில் இந்த இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் உங்களிடம் வரும்: ஆள் ஃபிட்டா, இல்லையா? ஒற்றைப் பதில் சொல்லிவிடாதீர்கள். ஆட முடியாத உடம்பு வேலை செய்யக்கூடிய உடம்பாக இருக்கலாம். முருகேசன் விஷயத்தில் அந்த வித்தியாசத்தில்தான் அவர் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் மஞ்சுநாத் என்னிடம், "அப்ப நான்தான் கெடுத்துட்டன்னு சொல்றீங்க" என்றார். கோபமில்லை, ஆனால் முகம் இறுகியிருந்தது.

நான் உண்மையைச் சொன்னேன். இதே கிழிசல் தொடையின் நடுவில் இருந்திருந்தால் நீங்கள் வாங்கித் தந்த சேர் சரியான உதவி. ஒரு சாண் மேலே இருந்ததால் தப்பாகிவிட்டது. அந்த ஒரு சாணை உங்களிடம் அவர் சொல்லவுமில்லை.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னாவாம் அவனுக்கு" என்றவர், சட்டென்று லைனுக்குள் நடந்தார். நேராகக் கடைசி மேசைக்குப் போனார். நாற்காலியை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, இரண்டு வரிசை மெஷின்களுக்கும் நடுவே ஸ்டோருக்கு நடந்தார். எல்லோரும் வேலையை விட்டுப் பார்த்தார்கள்.

"என்னா கேப்டன், மகாராஜாவ எறக்கிட்டியா?"

"ஹூன்ப்பா, எறக்கிட்டன்" என்றார் மஞ்சுநாத், நிற்காமலேயே. "மேடம் ஆர்டர். இவன் நின்னாத்தான் நல்லா ஆவானாம். ஒக்காரச் சொல்லி நம்மளே இவன இம்ச பண்ணியிருக்கோம். நடிக்கறான் கிடிக்கறான்னு இனிமே எவனாச்சும் சொன்னீங்க, பாத்துக்கோங்க."

அவர் அதை அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பழியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார். முருகேசன் அன்று மதியமே மெஷினில் நின்றார்.

கிருஷ்ணகிரிப் போட்டிக்கு நானும் போனேன். மாலை ஆட்டம், நல்ல கூட்டம். முருகேசன் ஜெர்சி போட்டிருந்தார், ஆடும் ஏழு பேரில் இல்லை. மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் அதன் பின்னால் நின்றார். வேனிலும் நின்றுகொண்டேதான் வந்தாராம். குந்தாரப்பள்ளி தாண்டும்வரை அணி முழுக்க அவரைக் கண்டக்டராக்கி டிக்கெட் கேட்டுக் கேலி செய்திருக்கிறது.

இரண்டாம் பாதி முடியும் நேரத்தில் இவர்கள் அணி சில புள்ளிகள் பின்னால் இருந்தது. முருகேசன் என்னருகில் வந்தார்.

"மேடம், ஒரே ஒரு ரெய்டு. கைய மட்டும் நீட்டித் தொட்டுட்டு வந்துடறன். ஜெயிச்சா ஆபீசர் மனசு கொஞ்சம் எளகும். ஆர்டர் விசயம் மேடம்."

"வேண்டாம்."

"ஒரு ஊசி போட்டா தாங்காதா?"

"ஊசி போடறவ நான் இல்ல. போடறவங்க இங்க இருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

அந்த நேரம் மஞ்சுநாத் டைம்-அவுட் கேட்டுவிட்டுக் கோட்டோரம் வந்தார். உடம்பெல்லாம் மண். "மேடம், எறக்கட்டுமா?" என்றார்.

மைதானத்தில் உங்களுக்கு அதிகாரம் கிடையாது. முடிவு கேப்டனுடையது. பின்னால் கம்பெனி ஆட்கள் கத்துகிறார்கள், முன்னால் ஆட்டக்காரன் கெஞ்சுகிறான். தசைநாரைப் பற்றி விளக்க அங்கே யாருக்கும் காது இல்லை. அவருக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் நான் கேட்டேன்.

"அவங்க இவர் கால லாக் பண்ணிட்டா, இவர் போனாப் போகுதுன்னு விட்டுடுவாரா? இல்ல, இழுப்பாரா?"

மஞ்சுநாத் முருகேசனைப் பார்த்தார். முருகேசன் வேறு பக்கம் பார்த்தார். மஞ்சுநாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இழுப்பான் மேடம். செத்தாலும் இழுப்பான். அதுக்குத்தான இவனக் கூட்டிக்கினு வந்தோம்." பிறகு அவர் முருகேசனின் தோளில் தட்டி, "சும்னே நில்லுப்பா" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு வேறொருவரை ரெய்டுக்கு அனுப்பினார். அவர் பிடிபட்டார். அணி தோற்றது.

திரும்பும்போது வேனில் யாரும் டிக்கெட் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்கும் அந்த வாரம் நிம்மதியாக இல்லை. காலைக் காப்பாற்றியாகிவிட்டது, வேலை போய்விட்டால் அவர் அந்தக் காலை வைத்துக்கொண்டு கல்லாவிக்குத்தான் போக வேண்டும். நாம் சரியாகச் சொன்ன பதிலுக்கு இன்னொருவர் என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது தெரியாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. தெரிந்துகொண்டும் பதிலை மாற்றாமல் இருக்கப் பழகவேண்டும்.

ட்ரெயினிங் முடிவதற்குச் சற்று முன்பு ஆபீசர் மறுபடி போன் செய்தார். போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மேடம், அந்தப் பய சேர எடுத்த நாளுல இருந்து மெஷின்ல நிக்கான். லைன்ல கேட்டேன், நல்லா ஓட்டுதான்னு சொல்லுதாங்க. மஞ்சுநாத் வேற தெனம் என் ரூம் வாசல்ல வந்து நிக்கான். இந்தத் தடவ சேர் கேக்கல, ஆர்டர் கேக்கான். ஆட்டக்காரன்னு எடுத்தோம். ஆபரேட்டர்னு வச்சிக்கிடலாம்னு மேல எழுதியிருக்கேன். கால் எப்பம் சரியாவும்?"

"மாசக்கணக்கு ஆகும்."

"ஆவட்டும்" என்று வைத்துவிட்டார்.

ஆர்டர் கிடைத்த அன்று முருகேசன் தனியாக வந்தார். தேங்காய் பர்பி ஒரு டப்பா. சாப்பிட்டுக்கொண்டே காலைப் பரிசோதித்தேன். முன்பைவிடப் பரவாயில்லை; ஆனால் விரலால் அழுத்தினால் இன்னும் முகம் சுளித்தார். இப்போது நான் கேட்காமலே சரியான இடத்தைக் காட்டினார்.

முன்பெல்லாம் ஒவ்வொரு முறையும் அவர் கடைசியாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எப்போது ஆடலாம்? பயிற்சிகளைக்கூட அந்த அவசரத்தில்தான் செய்தார். மெதுவாகத் தூக்கி, நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டியதை வேகமாகத் தூக்கிப் போடுவார். வேலை போய்விடும் என்ற பயத்தில் இருப்பவனை நிதானமாகச் செய் என்று சொல்லி என்ன பயன்? நானும் சொல்லிப் பார்த்து ஓய்ந்திருந்தேன்.

அன்று அவர் கேட்கவில்லை. நானே, "மாங்கா சீசனுக்கு முன்னால கோட்டுக்குள்ள எறங்காதீங்க" என்றேன்.

"எறங்கலீங்க மேடம்" என்றார். "இனிமே எனக்கு என்னா அவசரம்."

பிறகு மேசையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெதுவாக மேலே தூக்கினார். அப்படியே நிறுத்திக்கொண்டு, இறக்கச் சொல்லும்வரை இறக்காமல் இருந்தார்.